ஓடுவோரும் ஒதுங்குமிடமும்

மலையை நடந்து காண்பதே முறை. ஓடிக் கடப்பது மலைக்குச் செய்யும் அவமதிப்பு என்று அண்மையில் எங்கள் இலக்கிய வட்டத்தில் ஒரு கருத்து எழுந்தது. கூறியவர் கல்வியிற் பெரியவர். என் மதிப்புக்குரிய நண்பர். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் இக்காலத்திற் பெருகிவரும் மலைவழி ஓட்டத்தைப் பற்றிய பேச்சிடையே அவர் இதனைச் சொன்னார். கண்ணுக்கு எட்டிய காட்சி கருத்துக்கு எட்டுமுன் கால் அப்பாற் போய்விடுகிறதென்றும், ஓடுபவன் மலையிலிருந்து கொண்டுவருவது கடிகாரத்தில் விழுந்த எண் ஒன்றே என்றும் அவர் வாதித்தார். அழகாகச் சொல்லப்பட்ட வாதத்தை அதன் அழகுக்காகவே ஒப்புக்கொள்ளும் வழக்கம் புலமையுலகில் உண்டு. அவ்வழக்கத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, ஓர் ஏரியையும் அதனைச் சூழ்ந்த வழியையும் முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய விரும்புகிறேன்.

சுலோவீனியா நாட்டின் வடமேற்கில், யூலியன் அல்ப்ஸ் மலைகளின் மடியில், போகீன் என்னும் ஏரி கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 526 மீற்றர் உயரம். நீளம் நான்கு கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆழம் 45 மீற்றர். கீழ்த்திசையொழிந்த முப்புறமும் மலைச்சுவர். மேற்கே சாவிற்சா என்னும் அருவி 78 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கிறது. அவ்வருவிக்கு மேலே ஆறு இல்லை என்பதே வியப்பு. சுண்ணாம்புக் கல்லாலான மலையாதலின், உயரத்தே உள்ள ஏரிகளின் நீர் பாறைக்குள் ஒளிந்து சென்று, செங்குத்தான பாறையின் நடுவே வாய் திறந்து வெளிப்படுகிறது. சுலோவீனிய மொழியின் முதற் பெருங்கவிஞராகிய பிரெசேரன், 1836ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் கதைப்பாட்டுக்கு இவ்வருவியின் பெயரையே தலைப்பில் வைத்தார். தோற்றுப்போன தலைவன் ஒருவன் பழைய சமயத்தை விட்டுப் புதிய சமயம் புகும் இடமாக அதில் இவ்வருவி வருகிறது. ஆதலின் இவ்வேரி வெறும் நீர்நிலையன்று. ஒரு சிறிய மக்கட் கூட்டத்தின் இலக்கிய நிலம்.

என் பழைய மாணாக்கன் ஒருவன் சுவிற்சர்லாந்திற் தொழில் செய்கிறான். மலைவழி ஓட்டத்திற் பழகியவன். இவ்வேரியைச் சூழ்ந்த வழியிலும் ஓடியவன். சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது தேசப்படத்தை என் மேசையில் விரித்து வழியை விரலாற் காட்டினான். ஏரியின் தென்கரையோடு மேற்கே சென்று, அருவியின் அடியிலுள்ள குடிலை அடைந்து, அங்கிருந்து கொமார்ச்சா என்னும் செங்குத்துச் சரிவில் ஏறவேண்டும். கால் வழுவும் இடங்களில் இரும்புக் கயிறு பதித்திருக்கிறார்கள். மேலே 1319 மீற்றரிற் கரிய ஏரி. அதற்கும் மேலே 1685 மீற்றரில் இரட்டை ஏரியும், அதன் கரையில் மலைக்குடிலும். பின்னர்க் கிழக்கே திரும்பி, மேய்ச்சல் நிலங்களினூடே ஏரிக்கரை மேய்ச்சல் என்னும் இடத்துக் குடிலையும், வோகார் என்னும் மேட்டுக் குடிலையும் கண்டு, மீண்டும் போகீன் ஏரிக்கு இறங்க வேண்டும். நடப்போர் இதனை இரண்டு நாளாகப் பகுத்து நடப்பர்; பழகிய ஓட்டக்காரர் ஒரே பகலில் முடிப்பர்.

"முழுவதும் ஓடுவாயோ?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, ஏற்றத்தில் எவரும் ஓடுவதில்லை. கையை முழங்காலில் ஊன்றி நடப்போம். ஓடுவது சமனிலும் இறக்கத்திலுந்தான்" என்றான். "வழியில் என்ன பார்ப்பாய்?" என்றேன். "அடுத்த அடி வைக்கிற கல்லைப் பார்ப்பேன். குடிலுக்கு வந்தபிறகு மலையைப் பார்ப்பேன்" என்று விடை தந்தான்.

என் நண்பரின் வாதத்துக்கு முதல் மறுப்பு இவ்விடையிலேயே இருக்கிறது. மலையைக் கண்ணாற் காண்பது ஒன்று. காலாற் காண்பது மற்றொன்று. வேர் எது, பெயருங் கல் எது, பாசி படர்ந்த பாறை எது என்று அடிதோறும் ஆராய்ந்து செல்பவன் மலையை அறியாதவன் என்று எவ்வாறு கூறுவது? ஆடு மேய்ப்பவனும் சுமை தூக்குபவனும் மலையை அவ்வாறுதான் அறிந்தார்கள். நின்று இரசிப்பது அங்கே பின்னர் வந்த வழக்கம். நகரத்திலிருந்து சென்றவர்கள் கொண்டுபோன வழக்கம். எனவே ஓட்டம் என்ற ஒன்றைக்கொண்டே ஒருவனைக் குற்றவாளியாக்குதல் பொருந்தாது. "குடிலுக்கு வந்தபிறகு" என்று அவன் சொன்னானே, அச்சொல்லே நாம் ஊன்றி நோக்கற்பாலது.

அக்குடில்களை எச்சொல்லாற் குறிப்பது? குடில் என்றால் ஒருவர் வாழும் சிறுமனை தோன்றுகிறது. விடுதி என்றால் வாணிகம் தோன்றுகிறது. எங்கள் பகுதியில் தெருவோரத்தில், கேணியும் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சுக் கல்லும் சூழ, வழிப்போக்கருக்கென்று கட்டப்பட்டு நின்ற மடங்களை முதியோர் அறிவர். சாதியும் ஊரும் அங்கே முற்றாக மறைந்தன என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் வழியில் இருப்பவனுக்கு நிழலும் நீரும் உரியவை என்ற கொள்கை அக்கல்லில் நின்றது. அல்ப்ஸ் மலைக் குடிலுக்கு மடம் என்பதே தக்க பெயரென்பது என் துணிபு. மலைமடம் என்று இனிச் சொல்வேன்.

மலைமடம் தங்குவோருக்கு வசதி அளிக்கவெனத் தோன்றியதன்று. ஏரிக்கரையிலிருந்து இரட்டை ஏரி மடத்துக்கு ஏறுபவன் ஏறத்தாழ 1160 மீற்றர் உயர்கிறான். காற்றின் வெப்பம் ஏழு பாகை வரை குறைகிறது. ஓடி வியர்த்தவன் நின்றவுடன் நனைந்த ஆடை அவன் உடற்சூட்டைப் பறிக்கத் தொடங்கும். கோடைப் பிற்பகல்களில் இடிமழை சொல்லாமல் வரும். உடலிற் சேமிப்பாகவுள்ள மாப்பொருள் கடுமையான உழைப்புக்கு இரண்டு மூன்று மணித்தியாலமே தாங்கும். ஆகவே ஓடுபவனுக்கு நடப்பவனிலும் மடம் வேண்டும். மெல்லிய சப்பாத்தும், முதுகோடு ஒட்டிய சிறு பையும், மழைச் சட்டை ஒன்றுமே அவன் உடைமை. பாரத்தைக் குறைத்தவன் பிறரை நம்பி வருகிறான். அந்நம்பிக்கையின் பெயரே மடம்.

அங்கே அவன் பெறுவது யாது? ஒரு கோப்பை மலைத் தேநீர். வாற்கோதுமையும் அவரையும் சேர்த்துக் காய்ச்சிய ரிச்செட் என்னும் கூழ், அல்லது புளித்த கோவாவில் ஆக்கிய யோட்டா. தனி மேசை இல்லை. நீண்ட வாங்கில் முன்பின் அறியாதவர் அருகே அமரவேண்டும். சப்பாத்தை வாயிலிற் கழற்றவேண்டும். ஒரு பெரிய ஏட்டிலே தன் பெயர், வந்த இடம், போகும் இடம் மூன்றையும் எழுதவேண்டும். ஒருவன் மாலைவரை இறங்கிவரவில்லையென்றால் தேடிச் செல்வோர் முதலில் விரிப்பது அந்த ஏட்டையே.

இம்மடங்கள் எழுந்த வரலாறு நம்மைப் போன்ற மொழியாசிரியர் கருத்திற் கொள்ளத்தக்கது. போகீன் ஏரிக்கு வடக்கே 2864 மீற்றர் உயர்ந்து நிற்கிறது திரிகிலாவு. முத்தலை என்பது பெயர்ப்பொருள். 1778ஆம் ஆண்டில் போகீன் பகுதியைச் சேர்ந்த நால்வர் அதன் உச்சியை முதன்முதலில் அடைந்தனர். 1795இல் வலந்தின் வோட்னிக் என்னும் கவிஞர் அம்மலையில் ஏறினார். அவர் அப்போது போகீனுக்கு மேலுள்ள ஒரு சிற்றூரிற் குருவாக இருந்தார். பின்னர் 1797இல் சுலோவீனிய மொழியின் முதற் செய்தித்தாளை நடத்தியவரும் அவரே. வோட்னிக் என்னும் சொல்லுக்கு அம்மொழியில் வழிகாட்டி என்பது பொருள். திரிகிலாவின் சரிவிலுள்ள மடங்களுள் ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கவிஞனுக்குச் சிலை வைத்தவர் பலர். களைத்து வருவோர் கூழ் குடிக்கும் இடத்துக்கு அவன் பெயரை வைத்தவர் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நிலம் ஒஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. ஜேர்மன் மொழி பேசும் மலைச் சங்கத்தார் அங்கே மடங்கள் கட்டினர். வழிப்பலகைகளைத் தம் மொழியில் நாட்டினர். அதனைக் கண்ட சுலோவீனியர் 1893ஆம் ஆண்டில் தமக்கென ஒரு மலைச் சங்கம் அமைத்தனர். திரிகிலாவின் வடபுறத்து ஊரொன்றிற் குருவாக இருந்த யாக்கோப் அல்யாஷ் என்பவர் அம்மலையின் உச்சியில் ஒரு துண்டு நிலத்தைச் சிறு விலைக்கு வாங்கி, 1895இல் அங்கே தகரக் கோபுரம் ஒன்றை நிறுத்தினார். நாலைந்து பேர் நெருங்கி நிற்கத்தக்க சிறு கோபுரமே அது. அடுத்த ஆண்டு, உச்சிக்குக் கீழே 2515 மீற்றர் உயரத்திலுள்ள கிரெடாரிற்சா என்னும் மேட்டில் சங்கத்தின் மடம் திறக்கப்பட்டது. அல்யாஷ் பாட்டுக்கு இசையமைத்தவருங்கூட. மேடையில் நின்று மொழி வாழ்க என்று முழங்கிய குரல்கள் அக்காலத்து அங்கும் இருந்திருக்கும்; நிலைத்தது தகரமும் மரமும் கூழ்ப்பானையுமே.

பின்வந்த வரலாறும் இதற்குச் சான்று. 1920ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் இத்தாலியின் எல்லை திரிகிலாவின் உச்சிவரை வந்தது; எல்லைக்கு அப்பாற்பட்ட சுலோவீனியர் தம் மொழியைப் பொதுவிடத்தில் வழங்கவும் தடை எழுந்தது. எல்லைக்கு இப்பால், 1922இல் கிநாபெல்ச் என்பவர் வழிகளைக் குறிக்க ஓர் அடையாளத்தை ஒழுங்குபடுத்தினார்: சிவந்த வட்டம், அதன் நடுவே வெள்ளைப் பொட்டு. அன்று தொட்டு இன்றுவரை தொண்டர்கள் தூரிகையும் வண்ணமும் சுமந்து சென்று அப்பொட்டைப் புதுப்பிக்கிறார்கள். ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் வழி இவ்வாறு பேணப்படுகிறது. 1953இல், மாரிபோர் நகரத்து ஆசிரியர் ஒருவராகிய இவான் சும்லியாக்கின் முயற்சியால், மடத்திலிருந்து மடத்துக்குச் செல்லும் நெடுவழி ஒன்று திறக்கப்பட்டது. அந்நகரத்திலிருந்து கடற்கரை வரை ஏறத்தாழ 600 கிலோமீற்றர். செல்வோர் கையிற் சிறு ஏடு. ஒவ்வொரு மடத்திலும் ஒரு முத்திரை. ஓர் ஆசிரியர் தம் நாட்டையே பாடப்புத்தகமாக்கிய செயல் அது. இன்று அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 21 இலட்சம். அவர்களின் நாணயங்களுள் ஒன்றிற் பிரெசேரனின் முகமும் மற்றொன்றில் திரிகிலாவும் பொறிக்கப்பட்டுள்ளன.

இவற்றைப் படிக்குந்தோறும் என் நினைவு மலைபடுகடாத்துக்குச் செல்கிறது. கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெற்ற அப்பாட்டு 583 அடிகளைக் கொண்டது. நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு வழி சொல்வது. அதனை நாம் வகுப்பிற் கற்பிக்கும்போது உவமைக்கும் அருஞ்சொல்லுக்கும் நேரத்தைச் செலவிடுகிறோம். அதன் எலும்புக்கூடு ஒரு மலைவழி நூல் என்பதை எத்தனை மாணாக்கர் உணர்கின்றனர்? எங்கே வழுக்கும், எங்கே பொறி வைத்திருப்பர், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வரும், இரவு வந்தால் எக்குகையில் ஒதுங்குவது, எந்த ஊரார் என்ன உணவு தருவர் என்பன வரிசையாக வருகின்றன. சுலோவீனியரின் வழிப்பொட்டும் மடமும் ஏடும் சேர்ந்து செய்யும் பணியை ஈராயிரம் ஆண்டுகளின் முன் ஒரு புலவர் சொல்லாற் செய்தார். ஆற்றுப்படையின் உயிர் எது? முன்சென்று பெற்றவன் பின்வருபவனுக்கு உரைத்தல். பெற்றதை மறைப்பவன் ஆற்றுப்படுத்த மாட்டான்.

இங்கேதான் ஓட்டக்காரருள் நான் இரு வகையினரைப் பிரிக்கிறேன். பந்தயத்துக்காக ஓடுவோர் ஒரு வகை. மொன்ட் பிளாங்க் மலையைச் சுற்றும் பேரோட்டம் 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. வழி ஏறத்தாழ 170 கிலோமீற்றர். ஏற்றம் மொத்தம் 10,000 மீற்றரளவு. நேபாளத்திற் பிறந்த டாவா சேர்ப்பா முதலாண்டில் இருபது மணித்தியாலத்திற் சற்றே கூடுதலாக எடுத்து வென்றார். அவ்வாற்றலை வியவாதவர் யார்? ஆயினும் பந்தயத்தின் உணவுச்சாலை, மார்பில் எண் குத்தியவனுக்கே உரியது. ஓட்டம் முடிந்ததும் அது பிரித்து எடுக்கப்படும். மலைமடமோ எண் கேளாது. இடிமழையில் வந்தவனை வெளியே நிறுத்தாது. இரண்டினையும் ஒன்றென மயங்குதல் தகாது.

மற்றை வகையினர் மடத்திலிருந்து மடத்துக்கு ஓடுவோர். இவர்கள் வாயிலிற் சப்பாத்தைக் கழற்றுவர், வாங்கில் அமர்வர், கூழுண்டு காசு கொடுப்பர், மேலேயுள்ள வழியிற் பனி கிடக்கிறதா என்று மடங்காப்பவரைக் கேட்பர், தாம் வந்த வழியின் நிலையை எதிரே வருபவருக்குச் சொல்வர். இவர்கள் ஆற்றுப்படை மரபினர். இவர்களின் வேகம் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. மடத்தின் முற்றத்துக் குழாயில் நீரை நிரப்பிக்கொண்டு, முகம் பாராது, ஏட்டிற் பெயரும் இடாது விரைபவனையே நான் குறை கூறுவேன். அவன் ஓடினாலென்ன, நடந்தாலென்ன?

சுலோவீனிய மொழியின் இலக்கணத்தில் ஒருமை, பன்மை என்னும் இரண்டனோடு இருமையும் உண்டு. வடமொழி கற்றோர் அதனை அறிவர், தமிழில் அஃதில்லை. இருவர் செல்லும்போது அம்மொழியில் வினை வேறு வடிவு கொள்கிறது. பலருள் இருவராகக் கரையாமல், ஒருவனோடு ஒருவன் நிற்கும் நிலையைச் சொல்லும் வடிவு அது. தனியே ஓடி வந்த ஒருவன் மடத்து வாங்கில் மற்றொருவன் அருகே அமர்ந்து வழியைப் பேசும்போது, ஒருமை இருமையாகிறது. மடத்தின் பயனை இதனினும் சுருங்கச் சொல்ல என்னால் இயலவில்லை.

மடங்களைப் புகழ்ந்துவிட்டு அவற்றால் வரும் தீங்கை மறைத்தல் நேர்மையன்று. இரட்டை ஏரி சிறியது. அதன் கரையிலேயே மடம். பல்லாண்டாக மடத்தின் கழிவும், மனிதர் கொண்டுவந்து விட்ட மீனும் சேர்ந்து அந்நீரைக் கெடுத்தன. தெளிந்த ஏரியிற் பாசி தழைத்தது. 1924இலேயே காவல் நிலமாக்கப்பட்டு, 1981இல் விரிந்த தேசியப் பூங்காவினுள் அடங்கிய பள்ளத்தாக்கின் கதை இது. இன்று அம்மலையேரிகளில் நீராடத் தடை உண்டு. சுண்ணாம்பு மலையாதலின் மடங்கள் மழைநீரையும் பனிநீரையும் நம்பியே நிற்கின்றன. திரிகிலாவின் பனிப்பாளமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாற்பது ஹெக்டெயருக்கு மேற் பரந்திருந்தது; இன்று ஒரு ஹெக்டெயரும் எஞ்சவில்லை. நீர் குறைய, வருவோர் கூடுகின்றனர். வெந்நீர்க் குளிப்பும் தனியறையும் கேட்கின்றனர். கேட்டதெல்லாம் கொடுத்தால் மடம் விடுதியாகும், விடுதியானால் பணமுள்ளவனுக்கே கதவு திறக்கும், ஏரியும் சாகும்.

ஆதலின் என் கருத்து இது. மலைமடம் எளிமையாகவே இருக்கவேண்டும். கூழும் தேநீரும் கம்பளியும் போதும். ஆயிரவர் திரளும் பந்தயங்களை இத்தகைய சிற்றேரிகளின் கரைக்குக் கொண்டுவராதிருத்தல் நன்று. அகன்ற பள்ளத்தாக்குகள் அவற்றுக்கு உள. தனித்தும் இருவராகவும் ஓடிவருவோரை வரவேற்கலாம். சிறு பையோடு வந்து, குறைவாகக் கேட்டு, ஒளி உள்ளபோதே இறங்கிவிடும் ஓட்டக்காரன், பெரும்பொதியோடு வந்து வெந்நீர் கேட்பவனிலும் அவ்வேரிக்குப் பாரம் குறைந்தவன். அவன் தான் உண்ட உணவின் உறையைத் தன்னோடு இறக்கிச் செல்லவேண்டும் என்பது மட்டும் மாறா விதி.

இனி நம் ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் ஒரு சொல். மலையேறுவோரைக் குறிக்கச் சுலோவீனியர் வழங்கும் சொல் பிளானினெச் என்பது. அது பிளானினா என்ற சொல்லிலிருந்து வந்தது. பிளானினா என்றால் மலை, மலைமேலுள்ள மேய்ச்சல் நிலம் என இரு பொருளும் உண்டு. போகீன் மலைகளின் மேய்ச்சல்களிற் சிலவற்றில் இன்றும் கோடையிற் பாற்கட்டி செய்கிறார்கள். நாம் குறிஞ்சி என்றும் முல்லை என்றும் பிரித்துப் படிப்பதை அவர்கள் ஒரே சொல்லில் வைத்து அதன்மேல் நடக்கிறார்கள், இப்போது ஓடுகிறார்கள். திணைகளின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருளைப் பரீட்சைக்கு ஒப்புவிக்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஒரு நாள் முழுவதும் ஒரு நிலத்தைக் காலால் அளந்திருக்கின்றனர்? மலைபடுகடாம் கற்பிக்கும் ஆசிரியர் அவர்களைத் தம் ஊரின் ஒரு வழியில் அழைத்துச் செல்லட்டும். எங்கே நீர் உண்டு, எங்கே நிழல் உண்டு, யார் வீட்டுத் திண்ணையில் இருக்க விடுவர் என்பவற்றைப் பின்வருவோருக்காக எழுதச் சொல்லட்டும். அக்கட்டுரைகளைத் திருத்தும்போது நடை பிழைத்தால் மன்னிக்கலாம். வழி பிழைத்தால் மன்னிக்கலாகாது.